ஆண்மையும் ஆண்செருக்கும்



உங்கள் இல்லத்திலுள்ள பொருள்களை ஒருமுறை நோக்குங்கள். அமர்வதற்குக் கதிரை, எழுதுவதற்கு மேசை, துணிமணிகளை வைப்பதற்கு அலுமாரி, காற்று வருவதற்கு யன்னல், காலுக்குச் சப்பாத்து, காலையுணவுக்குப் பாண். 1505 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையை அடைந்ததன் பின்னர், அவர்தம் மொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட சொற்கள் இவை. இன்று இவற்றை அயற்சொற்கள் என்று எவரும் எண்ணுவதில்லை.

அவர்களோடு வந்த சொற்களைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். அவர்களோடு வராத ஒரு சொல்லைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன். போர்த்துக்கேய மொழியிலும், அதனுடன் பிறந்த மொழியாகிய ஸ்பானிய மொழியிலும் ஒரே எழுத்துகளால் எழுதப்படும் அச்சொல் ‘மாச்சோ’ என்பது. அதிலிருந்து பிறந்தது ‘மாச்சிஸ்மோ’. அஃது அக்காலத்தில் கப்பலேறி நம்மிடம் வரவில்லை. சென்ற நூற்றாண்டிலே, ஆங்கிலத்தின் துணைகொண்டு, திரைப்படங்களோடும் விளம்பரங்களோடும் வந்து சேர்ந்தது. நாம் நாள்தோறும் வழங்கும் ‘மச்சான்’ என்னும் உறவுச்சொல்லுக்கும் இதற்கும் ஓசையளவில் ஒற்றுமை உண்டேயன்றி வேறெவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

இச்சொல்லை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு மாணவனாலே. தன் தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதிய அவன், “எனது தந்தையார் ஒரு மாச்சோ. அவர் அழுததை நான் ஒருநாளும் கண்டதில்லை” என்று எழுதியிருந்தான். தமிழ்க் கட்டுரையிலே இப்படியொரு சொல் எதற்கு என்று கருதிய நான், அதனைச் சிவப்பு மையினால் வெட்டி, ‘ஆண்மை மிக்கவர்’ என்று திருத்தினேன். கொப்பியைப் பெற்றுக்கொண்ட மாணவன் சிறிது நேரம் தயங்கி நின்று, “சேர், அழாமல் இருப்பதுதானா ஆண்மை?” என்று வினவினான். அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை. என் திருத்தமே பிழையோ என்ற ஐயமும் எழுந்தது. அவ்வையத்தைத் தெளிவதற்கு, அச்சொல் பிறந்து வளர்ந்த நாடுகளுக்கே நாம் சென்று பார்த்தல் வேண்டும்.

முதலிற் சொல்லின் பிறப்பு. இலத்தீன் மொழியில் ஆணைக் குறிக்கும் ‘மாஸ்குலுஸ்’ என்னும் சொல்லே நாளடைவில் தேய்ந்து திரிந்து ‘மாச்சோ’ ஆயிற்று. ஸ்பானிய மொழியில் அதன் இயல்பான பொருள் ஆண் விலங்கு, ஆண் பறவை என்பதே. பெண் விலங்குக்கு ‘எம்பிரா’ என்று பெயர். கோவேறு கழுதையில் ஆணுக்கும் ‘மாச்சோ’ என்றே பெயர். தொழிலாளர் வழக்கில், ஒன்றினுள் ஒன்றைச் செருகிப் பொருத்தும் உறுப்புகளில் உள்ளே செல்லும் உறுப்பு ‘மாச்சோ’. அதனை ஏற்கும் உறுப்பு ‘எம்பிரா’. சட்டையின் கொக்கியும் வளையமும்கூட இப்பெயர்களைப் பெறும். ஆகவே இச்சொல்லிலே வீரமோ பெருமையோ தொடக்கத்தில் இருந்ததில்லை. அது தொழுவத்துக்கும் பட்டறைக்கும் உரிய சொல்லாயிருந்தது.

நம் மொழியிலும் இத்தகைய சொற்களுக்குக் குறைவில்லை. தொல்காப்பியர் மரபியலிலே ஏறு, களிறு, சேவல், கலை, கடுவன், போத்து முதலாக ஆண்பாற் பெயர்கள் பதினைந்தை வகுத்துத் தருகிறார். ஒரு மனிதனைப் பார்த்து நாம் ‘கடுவன்’ என்றால் அது புகழ்ச்சியாகாது. ‘ஏறு’ என்றால் புகழ்ச்சியாகும். விலங்கின் பெயரை மனிதனுக்குச் சூட்டும்போது அது மாலையாவதும் விலங்காவதும் சூட்டுவோரின் எண்ணத்தைப் பொறுத்தவை. மாச்சோவின் கதையும் அத்தகையதே.

மனிதனிடத்து வழங்கும்போது மாச்சோ என்பது, உடல்வலிமையும் துணிவும் உடையவன், எவருக்கும் பணியாதவன், தன் உணர்ச்சியை வெளிக்காட்டாதவன், தன் சொல்லே வீட்டிற் சட்டமாதல் வேண்டும் என்று கருதுபவன் என்றெல்லாம் பொருள் விரியும். அதனோடு ‘இஸ்மோ’ என்னும் விகுதி சேரும்போது, ஒருவனின் குணம் ஒரு கொள்கையாகிவிடுகிறது. ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி, பெண்கள்பால் ஆண்கள் காட்டும் மேலாதிக்க மனப்பான்மை என்ற கருத்திலேயே மாச்சிஸ்மோவுக்குப் பொருள் கூறுகிறது. புகழ்ச்சிக்கு அங்கே இடமில்லை.

இந்த மாச்சிஸ்மோவின் தாயகம் எதுவென்று வினவினால், உலகத்தார் பெரும்பாலும் மெக்சிக்கோ நாட்டையே சுட்டிக்காட்டுவர். அகன்ற தொப்பியும் தடித்த மீசையும் இடையிலே துப்பாக்கியும் உடைய குதிரைவீரன் ஒருவனின் உருவம் உடனே மனக்கண்முன் தோன்றும். மெக்சிக்கர் தொன்றுதொட்டே இத்தகையவர் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியானதா?

அமெரிக்கோ பரேதெஸ் என்னும் அறிஞர் இவ்வினாவை ஆராய்ந்தார். இவர் 1915 இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல்லை நகரமாகிய பிரவுன்ஸ்வில்லிலே மெக்சிக்க மரபிற் பிறந்தவர்; நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்வதிலே வாழ்நாளைச் செலவிட்டவர். மெக்சிக்கோவிலே ‘கொரிடோ’ எனப்படும் கதைப்பாடல் வகையொன்று உண்டு. 1910 இலே தொடங்கிய மெக்சிக்கப் புரட்சியின் போர்களும் வீரர்களும் அப்பாடல்களிலே பாடப்பட்டனர். மாச்சோ என்னும் சொல் பழமையான தேசியப் பெருமையைக் குறிப்பதாயின், துப்பாக்கி முழங்கிய அக்காலத்துப் பாடல்களில் அது நிறைந்திருத்தல் வேண்டுமன்றோ? பரேதெஸ் கண்டது வேறு. அப்பாடல்கள் வீரனை ‘மனிதன்’ என்றும் ‘துணிந்தவன்’ என்றும் போற்றின. மாச்சோ என்னும் சொல் சபையிற் சொல்லத் தகாத கொச்சையாகவே கருதப்பட்டது. பாடல்களிலே அது தலையெடுத்தது 1930களிலும் 1940களிலுமே ஆகும். 1940 முதல் 1946 வரை மெக்சிக்கோவின் சனாதிபதியாயிருந்தவர் மனுவேல் ஆவிலா கமாச்சோ. ‘கமாச்சோ’ என்னும் பெயருக்கு ‘மாச்சோ’ இயல்பான இயைபுத் தொடையாக அமைந்தமையும் பாடல்களிலே அச்சொல் பரவுவதற்கு உதவியது என்று பரேதெஸ் காட்டினார். ஒரு தேசத்தின் குணம் என்று கருதப்பட்ட சொல்லின் வளர்ச்சியில் ஓர் எதுகைக்கும் பங்கிருந்தது என்பது வியப்பூட்டும் செய்தியாகும்.

பாடலைவிடப் பெரும்பங்கு திரைப்படத்தினது. 1936 இலே வெளிவந்த ‘அயா என் எல் ராஞ்சோ கிராந்தே’ என்னும் படம் பெருவெற்றி பெற்றது. அதன்பின், பாடும் குதிரைவீரர்களைக் கதைத்தலைவராகக் கொண்ட படங்கள் வரிசையாக வெளிவந்தன. 1941 இலே ‘ஹலிஸ்கோவே, பின்வாங்காதே’ என்று பொருள்படும் பெயருடைய படத்தில் ஹோர்ஹே நெக்ரேத்தே நடித்துப் பெரும்புகழ் அடைந்தார். அப்பெயரிலுள்ள ‘பின்வாங்குதல்’ என்னும் வினைக்கு ஸ்பானிய மொழியில் உள்ள மூலப்பொருள் ‘விரிசல் விடுதல், பிளத்தல்’ என்பதாகும். மரம் பிளப்பதுபோல மனிதனும் பிளந்துவிடலாகாது. தன் உள்ளத்தைப் பிறர் காணும்படி திறந்துவிடலாகாது என்பதே கருத்து. அழுதால் பிளவு, மன்னிப்புக் கேட்டால் பிளவு, மனைவியின் சொல்லைக் கேட்டால் அதுவும் பிளவு. இவ்வாறு ஒரு சிறு வினைச்சொல்லினுள்ளே ஒரு வாழ்க்கை முறையே அடங்கிவிட்டது.

இதே காலத்தில் மெக்சிக்கோவின் சிந்தனையாளரும் இப்பொருளில் மனத்தைச் செலுத்தினர். சாமுவேல் ராமோஸ் 1934 இல் வெளியிட்ட நூலிலே, நகரத்து ஏழை இளைஞன் தன் ஆண்மையை உரத்த குரலிற் பறைசாற்றுவது அவனுள்ளே இருக்கும் தாழ்வுணர்ச்சியை மறைப்பதற்கே என்று வாதித்தார். பின்னாளில், 1990 இலே, நோபல் பரிசு பெற்ற ஒக்தாவியோ பாஸ், 1950 இலே ‘தனிமையின் புதிர்க்கூடம்’ எனப் பொருள்படும் தம் நூலை வெளியிட்டார். பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பானியர் அந்நாட்டை வென்று அடிமைப்படுத்திய வன்முறையிலிருந்து இம்மனக்காயம் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. மெக்சிக்கர் முகமூடி அணிந்து வாழ்பவர் என்றும், மாச்சோ என்பவன் தன்னுள்ளே பூட்டிக்கொண்டவன் என்றும் அவர் விளக்கினார்.

இவ்விருவர் சொற்களிலும் ஆழம் உண்டு. ஆனால் அவற்றை வாசித்த பிறர், தம் வசதிக்கேற்ற முடிவொன்றைக் கண்டுகொண்டனர். ‘மெக்சிக்கன் பிறவியிலேயே இத்தகையவன், அஃது அவன் இரத்தத்திலே உள்ளது’ என்பதே அம்முடிவு. சொல் எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றபோது இத்தீங்கு இன்னும் வளர்ந்தது. அங்கே மாச்சோ என்பது ஒருபுறம் மோட்டார் வாகனத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் விளம்பரச் சொல்லாயிற்று. மறுபுறம், வயல்களிலும் ஆலைகளிலும் உழைக்க வந்த மெக்சிக்கத் தொழிலாளியை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. பரேதெஸ் 1967 இல் எழுதிய கட்டுரையிலே இதனைச் சுட்டிக்காட்டி, வாய்வீச்சும் கைத்துப்பாக்கியும் உடைய எல்லைப்புற வீரனை அமெரிக்கரும் போற்றவில்லையா, தியோடர் ரூஸ்வெல்ட் காட்டிய ஆண்மைக் கோலத்துக்கு என்ன பெயர் என்ற கருத்தில் வினா எழுப்பினார். தன் வீட்டிலுள்ள குப்பையை அயலான் முற்றத்திலே கண்டு முகஞ்சுளிப்பது மனித இயல்பு போலும்.

இனி, மெக்சிக்கோவின் ஆண்கள் உண்மையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் நோக்குவோம். மத்தேயு கட்மன் என்னும் மானிடவியலாளர், 1990களின் தொடக்கத்தில், மெக்சிக்கோ நகரத்தின் சாந்தோ டொமிங்கோ என்னும் குடியிருப்பிலே தம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்தார். அது 1971 இலே வீடற்ற ஏழை மக்கள் தாமாகவே வந்து குடியேறி உருவாக்கிய பகுதியாகும். அவர் 1996 இல் வெளியிட்ட நூலிலே காணும் செய்திகள் திரைப்படக் கதைகளோடு ஒத்துவரவில்லை. அங்கே குழந்தையைத் தோளிற் சுமந்து திரியும் தந்தையர் பலர் இருந்தனர். முதியவர்கள் மாச்சோ என்னும் சொல்லைப் பெருமையோடு ஏற்றனர். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்புள்ளவன் என்பதே அவர்கள் கொண்ட பொருள். இளைஞரோ அப்பெயரை விரும்பவில்லை. மாச்சோ என்றால் மனைவியை அடிப்பவன் என்றே அவர்கள் விளங்கிக்கொண்டனர். அதேவேளை, ‘மந்திலோன்’ என்று பிறர் நகைப்பதையும் அவர்கள் விரும்பவில்லை. ‘மந்தில்’ என்பது சமையல் வேளையில் இடையிற் கட்டும் மேலாடை; அதனைக் கட்டிக்கொண்டு மனைவிக்கு அடங்கி நடப்பவன் மந்திலோன். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே, பெயரிடப்படாத ஓரிடத்தில் நின்று வாழவே அவர்கள் முயன்றனர்.

இதனைப் படித்தபோது மெக்சிக்கத் திரையுலகின் இன்னொரு நடிகராகிய பெத்ரோ இன்பாந்தே என் நினைவுக்கு வந்தார். குதிரையேறிப் பாடும் வீரராகப் பல படங்களிலே தோன்றியவர் அவர். ஆயினும், 1948 இல் வெளிவந்த ‘உஸ்தேதெஸ் லோஸ் ரிக்கோஸ்’ என்னும் படத்திலே, ஓர் ஏழைத் தச்சனாக நடித்து, தீயில் மாண்ட தம் குழந்தையை ஏந்திக் கதறி அழும் காட்சியையே அம்மக்கள் இன்றளவும் நினைவிற் கொண்டுள்ளனர். 1957 இல் விமான விபத்திலே அவர் மறைந்தபோது நாடே துயருற்றது. மாச்சோவின் உருவத்தை வளர்த்த அதே திரை, அவன் அழுவதையும் காட்டியது, அதற்காக மக்கள் அவனைக் குறைவாக மதிக்கவில்லை, மேலும் நேசித்தனர்.

அவ்வாறாயின் மாச்சிஸ்மோ என்பது வெறும் கற்பனையோ என்று நீங்கள் கேட்கலாம். அன்று. அச்சொல் குறிக்கும் கொடுமை உண்மையானது. அதனை நன்கு அறிந்தவர்கள் அந்நாடுகளின் பெண்கள். மெக்சிக்கப் புரட்சியிலே பெண்கள் படைகளோடு நடந்தனர்; உணவு சமைத்தனர்; காயமுற்றோரைப் பேணினர்; துப்பாக்கியும் ஏந்தினர். எனினும் தேசியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை அவர்கள் பெற்றது 1953 இலேதான். ஈவ்லின் ஸ்டீவன்ஸ் என்னும் ஆய்வாளர் 1973 இலே, மாச்சிஸ்மோவின் மறுபக்கமாக ‘மரியானிஸ்மோ’ என்னும் கருத்தை எடுத்துரைத்தார். தேவமாதாவைப்போலப் பொறுமையே உருவாகி, எத்துன்பத்தையும் வாய்திறவாது தாங்குபவளே சிறந்த பெண் என்று போற்றும் மனப்பான்மையே அது. எல்லாப் பெண்களையும் இவ்வொரு சட்டத்துள் அடக்கியது தவறென்று பின்வந்தோர் மறுத்தனர். ஆயினும், ஒருவரின் செருக்கு மற்றொருவரின் மௌனத்தின்மேல் நிற்கிறது என்ற உண்மை மறுக்கத்தக்கதன்று.

அம்மௌனம் கலைந்தபோது, மாச்சிஸ்மோ என்னும் சொல்லே பெண்களின் கையிற் கருவியாயிற்று. முன்பு ‘குடும்ப விடயம்’ என்றும் ‘ஆண்களின் இயல்பு’ என்றும் ஒதுக்கப்பட்டவற்றுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததனால் அதனைக் குற்றமாகக் காட்டவும் முடிந்தது. கியூபா நாடு 1975 இல் இயற்றிய குடும்பச் சட்டம், வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்த பொறுப்பு உண்டென்று விதித்தது. சட்டம் எழுதிய அளவில் வழக்கம் மாறிவிடவில்லை என்பதை 1979 இல் அந்நாட்டிலேயே எடுக்கப்பட்ட ‘ரெத்ராத்தோ தே தெரேசா’ என்னும் திரைப்படம், ஆலையிலும் வீட்டிலும் உழைத்துக் களைக்கும் ஒரு பெண்ணின் கதையால் உணர்த்தியது. 1990களின் தொடக்கத்தில் லூயிஸ் பொனினோ என்னும் உளநல மருத்துவர், அடியும் உதையும் இல்லாமலே அன்றாடம் நிகழும் சிறு ஆதிக்கங்களுக்கு ‘மைக்ரோமாச்சிஸ்மோ’ என்று பெயரிட்டார். ஸ்பெயின் நாட்டின் கற்றலோனியா மாநிலம் 2008 இலே பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்குச் சட்டம் இயற்றியபோது, இச்சொல்லின் கற்றலன் வடிவத்தையே சட்டத்தின் பெயரிற் சேர்த்தது. 2015 ஜூன் 3 ஆம் நாள், ஆர்ஜென்டீனாவின் தலைநகரிலே, பெண்கள் கொலையுண்பதைக் கண்டித்து ‘இனி ஒருத்தியும் குறையலாகாது’ என்னும் பொருளுடைய முழக்கத்தோடு பெருங்கூட்டம் திரண்டது. அம்முழக்கம் பிற நாடுகளுக்கும் பரவியது. 2024 ஒக்டோபர் முதலாம் நாள் மெக்சிக்கோவின் முதலாவது பெண் சனாதிபதியாகக் கிளாவுதியா ஷெயின்பாம் பதவியேற்றார். ஒரு பெண் உயர்பதவி பெற்றதனால் மாச்சிஸ்மோ மறைந்தது என்று கூறுதல் பேதைமை. ஆயினும், இரத்தத்திலே ஊறியது என்று கூறப்பட்ட ஒன்று மாறத்தக்கதே என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

நேயர்களே, இச்சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. மிகைப்பட்ட ஆண்மை என்பது பிறப்பிலே வருவதன்று; பாடலும் படமும், வீட்டாரின் நகைப்பும், ஊராரின் புகழ்ச்சியும் சேர்ந்து கற்பிப்பது. கற்பிக்கப்பட்டதாயின், அதனைக் கற்பிக்காமலும் விடலாம். அப்பொறுப்பு பெற்றோருக்கும் என்போன்ற ஆசிரியருக்கும் உண்டு. விழுந்து முழங்காலிற் காயமுற்ற சிறுவனைத் தூக்கி நிறுத்தி, “ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?” என்று நாம் கேட்கிறோம். ஆறுதல் கூறுவதாகவே எண்ணுகிறோம். உண்மையில், மெக்சிக்கர் ‘பிளவு’ என்று அஞ்சிய அதே அச்சத்தைத்தான் அவன் உள்ளத்தில் விதைக்கிறோம்.

நம் முன்னோர் ஆண்மை என்பதற்கு வேறோர் அளவுகோலும் வைத்திருந்தனர். பிறன் மனைவியை நச்சி நோக்காத நெஞ்சுறுதியையே வள்ளுவர் ‘பேராண்மை’ என்றார். போர்க்களத்தைப் பற்றிப் பேசுமிடத்திலோ, பகைவரை அஞ்சாது எதிர்க்கும் தறுகண்மை பேராண்மை என்றும், அப்பகைவனுக்கே ஒரு தாழ்வு நேர்ந்தபோது இரங்கி உதவுதல் அதன் கூர்மை என்றும் உரைத்தார். பிறரை அடக்குவதை அவர் ஆண்மையென்று கூறவில்லை. தன்னை அடக்குவதையும் பிறர்க்கு இரங்குவதையுமே கூறினார். இத்தகைய பொருள் பொதிந்த சொல்லை மாச்சோவுக்கு நேராக நான் சிவப்பு மையினால் எழுதியது பிழையே. அதற்கு ஈடாகத் தமிழிலே ஒரு சொல் வேண்டுமாயின் ‘ஆண்செருக்கு’ எனலாம்.

ஆனால் அம்மாணவனின் தந்தைக்கு அச்சொல்லும் பொருந்துமோ என்பதை நான் எவ்வாறு அறிவேன்? அழாதவரெல்லாம் செருக்குடையவர் அல்லர். பிள்ளைகள் கலங்கலாகாது என்று கண்ணீரை அடக்கிய தந்தையர் இந்நாட்டிலே எத்தனையோ பேர். ஆகவே சில நாள்களின் பின் அம்மாணவனை அழைத்து, என் திருத்தத்தை நானே வெட்டினேன். “தம்பி, அழாமல் இருப்பது ஆண்மையுமன்று, அழுவது ஆண்மைக்குக் குறைவுமன்று. உன் தந்தை ஏன் அழவில்லை என்பதை ஒருநாள் அவரிடமே கேட்டு எழுது, அதுவே நல்ல கட்டுரையாகும்” என்றேன். அவன் தலையசைத்துச் சென்றான். அக்கட்டுரை இன்னும் என் கைக்கு வரவில்லை. தந்தையும் மகனும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பின், அது வராவிடினும் குறையில்லை.